சாக் ஹில்ஸில் சாக் இல்லை, இட்டேரி உண்டு

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சென்னையில் வேலை, கார் கிடையாது, வாங்கும் உத்தேசமும் இல்லை. இங்கிலாந்தில் பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற இடத்தில் வெளுத்த சரளைத் தடத்தில் நாள் முழுக்க ஒருவர் சைக்கிள் ஓட்டும் வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். அது சுண்ணாம்புக்கல் பீடபூமி என்று அதிலேயே சொன்னார்களாம். பிறகு மேப்பைத் திறந்து பார்த்தால் சேலத்தை ஒட்டி ‘சாக் ஹில்ஸ்’ என்றொரு பெயர், அதற்கு மேலே சேர்வராயன் மலை. சாக் என்றால் சுண்ணாம்புதானே, அப்படியானால் சைக்கிளை ரயிலில் போட்டுக்கொண்டு சேலத்தில் வந்து இறங்கி, வண்டித் தொல்லை இல்லாமல் அதே மாதிரி ஒரு நாள் ஓட்டலாமா என்பது கேள்வி.

இதில் இரண்டு ஆசை பின்னிக் கிடக்கிறது. அந்த வெள்ளைத் தடம் வேண்டும் என்பது ஒன்று. காரில் வராமல், கார் இல்லாத வழியில், ஒரு முழுப் பகல் வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவது சேலத்தில் கிடைக்காது. இரண்டாவது பெருமளவு கிடைக்கும், ஆனால் நீங்கள் மேப்பில் விரல் வைத்த இடத்தில் இல்லை. சேலத்துக்கு மேற்கே, இட்டேரி என்ற பழைய மாட்டுவண்டித் தடங்களில்.

நான் படித்தது நிலவியல். இருபத்தாறு வருடம் இங்கே வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சைக்கிள் பள்ளிக்கூட நாளிலிருந்து. அகல டயர் போட்ட கிராவல் சைக்கிள் மட்டும் ஒன்பது வருடப் பழக்கம். பந்தயம் எனக்குத் தெரியாது, வேகக் கணக்கும் வைத்துக்கொள்வதில்லை. கல், தடம், தண்ணீர் இந்த மூன்றைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். எந்த சைக்கிள் வாங்குவது என்பதற்கு வேறு ஆளைக் கேளுங்கள்.

சாக் ஹில்ஸில் சாக் கிடையாது. வெள்ளைக்காரர்கள் தூரத்திலிருந்து வெளுத்த கரடைப் பார்த்து, தங்கள் ஊர் டோவர் கடற்கரையின் வெள்ளைப் பாறை ஞாபகத்தில் வைத்த பெயர் போலிருக்கிறது. சாக் என்பது கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடு படிந்து ஆன மென்மையான சுண்ணாம்புக்கல். இங்கே இருப்பது மேக்னசைட். நாங்கள் வெள்ளைக்கல் என்போம். கால்சியத்துக்குப் பதில் மக்னீசியம். கடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பூமியின் ஆழத்திலிருந்து வந்த டியூனைட் என்ற பச்சை கலந்த கனமான பாறையின் விரிசல்களில், கரியமில வாயு கலந்த நீர் புகுந்து அந்தப் பாறையைத் தின்று விட்டுப்போன வெள்ளை நரம்புகள் அவை. உரித்த மாட்டுக்கறியில் கொழுப்பு ஓடுகிற மாதிரி பாறை முழுக்கப் பின்னிப் பின்னிப் போகும். இதைச் சுட்டெடுத்துத்தான் உருக்கு உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் செய்கிறார்கள். ரயில்வேகாரர்கள் மட்டும் பெயரைச் சரியாக வைத்தார்கள். சேலம் ஜங்ஷனுக்கு அடுத்து, ஜோலார்பேட்டை பக்கம் போகும்போது வரும் நிலையத்துக்கு மேக்னசைட் ஜங்ஷன் என்றே பெயர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜாகீர் அம்மாபாளையம், செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கம் ரோட்டிலிருந்து பார்த்தால் சுரங்கத் தடங்கள் அப்படியே உங்கள் வீடியோவில் பார்த்த தடம் மாதிரி இருக்கும். வெள்ளைத் தூசி, வளைந்து ஏறும் பாதை, ஆள் நடமாட்டம் இல்லை. போகாதீர்கள். அனுமதி இல்லாமல் சுரங்க எல்லைக்குள் போவது சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம். அந்தத் தடங்கள் எதையும் சைக்கிளுக்காகவோ நிலைத்து நிற்கவோ போடவில்லை. கழிவுக்கல்லைக் கொட்டி, டிப்பர் ஏறி இறங்கினால் போதும் என்று போட்டவை. ஓரம் எப்போது சரியும் என்று அங்கேயே வேலை பார்த்த எங்களுக்கே முழுதாகத் தெரியாது. கைவிட்ட குழிகளில் மழைநீர் நின்று பச்சைக் குளம் போல அழகாக இருக்கும். ஆழம் வெளியே தெரியாது. ஒரு மழைக்காலத்தில், நான் முந்தின நாள் ஜீப்பில் போன தடமே மறுநாள் காலை குழிக்குள் கிடந்தது. அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

இனி அந்தச் சுண்ணாம்புக்கல் ஊருக்கு வருகிறேன். மகள் டெர்பியில் இருந்த சமயம் மூன்று மாதம் அங்கே இருந்தேன். மருமகனின் சைக்கிளை ரயிலில் தள்ளி ஏற்றி, குரோம்ஃபோர்டு என்ற சின்ன நிலையத்தில் இறங்கி, ஹை பீக் டிரெயில் என்ற தடத்தில் இரண்டு முறை ஓட்டினேன். எனக்குத் தெரிந்த வெளிநாட்டு அனுபவம் அவ்வளவுதான். ஏறக்குறைய 27 கிலோமீட்டர் நீளம். பழைய ரயில் பாதை அது. 1831-ல் முழுதாகத் திறந்து 1967-ல் மூடினார்கள். ஆரம்பத்தில் ஏற்றம் ரயிலால் ஏற முடியாத அளவு செங்குத்து. அந்த இடங்களில் மேட்டில் நீராவி இயந்திரத்தை நிறுத்தி, வடம் கட்டிப் பெட்டிகளை இழுத்திருக்கிறார்கள், நாம் கிணற்றில் வாளி இழுப்பது போல. 1829-ல் செய்த இயந்திரம் ஒன்று மிடில்டன் டாப் என்ற இடத்தில் இன்னும் இருக்கிறது. அந்த ஏற்றத்தைத் தாண்டிவிட்டால் மேலே மட்டம். பார்ஸ்லி ஹே என்ற இடத்தில் டிஸ்ஸிங்டன் டிரெயில் என்ற இன்னொரு பழைய ரயில் தடம், ஏறக்குறைய 21 கிலோமீட்டர், வந்து சேர்கிறது. அங்கே வாடகை சைக்கிளும் உண்டு.

எனக்கு வியப்பாக இருந்தது காட்சியைவிடத் தடத்தின் நடத்தைதான். காலையில் ஒரு மணி நேரம் நல்ல மழை. பத்து மணிக்கு ஓட்டினால் டயரில் வெள்ளைப் பசை கொஞ்சம் ஒட்டியது. பதினொன்றுக்குத் தடம் காய்ந்துவிட்டது. சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் ஜல்லியோடு நிறைய மாவும் வரும். அந்த மாவு ஈரம் பட்டு, மிதிபட்டு, இறுகி, ஏழைக்கேற்ற சிமென்ட் மாதிரி ஜல்லியைப் பிடித்துக்கொள்ளும். அடியில் இருக்கும் பாறையோ சல்லடை. மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். சுமார் 33 கோடி ஆண்டுப் பழைய அந்தப் பாறையின் விரிசல்கள் அப்படிக் கரைந்து கரைந்து அகன்றுவிட்டதால், மேலே விழும் நீர் ஓடையாக ஓடாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. பள்ளத்தாக்கு இருக்கும், அதில் ஆறு இருக்காது. ஆடுமாடு குடிக்கக் களிமண் பூசிய குட்டை வெட்டி வைத்திருக்கிறார்கள். பிரான்சின் தெற்கே காஸ் என்றழைக்கப்படும் சுண்ணாம்புக்கல் பீடபூமிகளிலும் இதே கதைதான். அங்கே ஆட்டு மந்தைக்குக் கல் பாவிய குட்டைகள். அந்த மேய்ச்சல் நிலத்தை 2011-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மேலே தண்ணீர் இல்லாததால் ஊர் குறைவு, ஊர் குறைவதால் ரோடு குறைவு, ரோடு குறைவதால் கார் குறைவு. நீங்கள் வீடியோவில் பார்த்த அமைதியைக்கூட அந்தக் கல்தான் கொடுத்தது என்பது என் கட்சி.

சேர்வராயன் மலைக் கல்லின் குணம் இதற்கு நேர் எதிர். இது சார்னோகைட், சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் சமாதிக் கல்லைப் பார்த்து, தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர். உங்களுக்கு இது புதுசில்லை. பரங்கிமலையும் பல்லாவரம் குன்றும் இதே கல்தான். கரையாது, உறிஞ்சாது. மேலே விழுந்த மழை அத்தனையும் தோலின் மேலேயே ஓடி இறங்கும். திருமணிமுத்தாறு அப்படி இறங்கித்தான் சேலம் ஊருக்குள் வருகிறது. சரபங்கா அப்படி இறங்கித்தான் ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகிறது. இந்தக் கல்லை உடைத்துப் போட்ட ஜல்லி ரோட்டில் மாவு கட்டாது. முனை மழுங்காத கருங்கல் துண்டுகள் காலம் முழுக்கத் தனித்தனியாக உருண்டுகொண்டே இருக்கும். நாற்பது மில்லிமீட்டர் டயரில்கூட கோலிக்குண்டு மேல் ஓட்டுவது போலத்தான். நம் ஊரில் ‘கிராவல்’ என்று சொல்வதும் வேறு பொருள். பஞ்சாயத்தில் கிராவல் ரோடு என்றால் செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்து கொட்டி உருளை ஓட்டியது. காய்ந்திருக்கும்போது அருமையாக ஓடும், மழை பெய்தால் அல்வா. ஆகவே ஊர்க்காரரிடம் வழி கேட்கும்போது ‘கிராவல்’ என்று கேட்டால் அவர் காட்டுவது இதைத்தான். ‘மண்தடம்’, ‘வண்டித்தடம்’ என்று கேளுங்கள்.

அடுத்து ஏற்காடு. சேலம் கடல்மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு ஏரி ஏறக்குறைய 1,400. நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஏற்றம் ஒரே சீராக இருக்கும், நூறு மீட்டர் போனால் சுமாராக ஐந்து மீட்டர் ஏறும். பழகிய காலுக்கு இரண்டு மணி நேரம், எனக்கு மூன்று. தார் நன்றாக இருக்கும். கார்தான் பிரச்சினை. சனி ஞாயிறில், அதுவும் மே மாதக் கோடை விழா சமயத்தில், வளைவுக்கு வளைவு ஹாரன். அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. அதில் வண்டி குறைவு, ஏற்றம் கடுமை. மேலே போய்விட்டால் பீடபூமி மாதிரிதான் இருக்கும். நாகலூர், செம்மநத்தம் பக்கமாகக் காபித் தோட்டங்களைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் வட்டப் பாதையில் வாரநாள் காலை ஏழு மணிக்கு ஓட்டினால் பால்காரரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் தவிர யாரையும் பார்க்க மாட்டீர்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, அதன் நிழலில் காபி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்து நட்ட செடியின் வாரிசுகள். ஆனால் அது தார் ரோடு. அதிலிருந்து பிரியும் மண்தடங்களில் பெரும்பாலானவை எஸ்டேட்டுக்குச் சொந்தம் அல்லது காப்புக்காடு. எஸ்டேட்டில் மேஸ்திரியையோ வாட்ச்மேனையோ கேட்டால் சிலர் விடுவார்கள், கேட்காமல் போனால் கேட் பூட்டி உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் சைக்கிள் என்ன, கால்கூட வைக்கக் கூடாது. காட்டெருமை நிறைய. விடியற்காலையும் அந்தியும் அதன் நேரம். சைக்கிள் சத்தமில்லாமல் போவதால் அது கடைசி நொடியில்தான் நம்மைப் பார்க்கும். அந்த நொடியில் அது எடுக்கும் முடிவு நம் கையில் இல்லை.

மலைக்கிராமங்களுக்கிடையே போகும் பொதுத்தடங்கள் சில இன்னும் மண்ணாகவே இருக்கின்றன. மலையாளி மக்கள் (கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், இந்த மலையின் பழங்குடிகள்) நடக்கவும் ஜீப் ஓட்டவும் வைத்திருக்கும் தடங்கள். அதில் ஒன்றில்தான் நான் பாடம் படித்தேன். ஒரு கார்த்திகை மாதம், மூன்று நாள் மழைக்கு மறுநாள். மலையுச்சியில் பல இடங்களில் சார்னோகைட் மக்கி பாக்சைட்டும் செம்மண்ணும் ஆகிக் கிடக்கிறது. முன்பு மேட்டூரில் அலுமினியம் எடுக்க இங்கிருந்துதான் பாக்சைட் வெட்டிக் கொண்டுபோனார்கள். அந்தச் செம்மண் நனைந்தால் மாவு பிசைந்த மாதிரி. இருநூறு மீட்டருக்குள் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்துச் சக்கரம் நின்றுவிட்டது. குச்சியால் நோண்டி நோண்டி ஓட்டினேன். பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டிரெயிலியர் செடியும் மண்ணுமாகச் சுற்றி, அதைத் தாங்கும் கொக்கி முறிந்து ஸ்போக்குக்குள் போனது. அது மாதிரி மாற்றுத் துண்டு ஏற்காட்டில் கிடைக்காது, சேலத்திலும் உங்கள் மாடலுக்குச் சரியாக இருக்காது. ஆறு கிலோமீட்டர் தோளில் தூக்கி நடந்தேன். ஒரு பெரியவர் ஜீப்பில் மிளகு மூட்டைக்கு மேல் சைக்கிளைப் போட்டுக் கொண்டுவந்து விட்டார், காசு வாங்கவில்லை. “இந்த வண்டிக்கு மட்கார்டு போடலீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

சுண்ணாம்புக்கல்லே இந்த மாவட்டத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, சங்ககிரி பக்கம். சிமென்ட் ஆலை அங்கே வந்ததே அதனால்தான். ஆனால் அது வெந்து, மடங்கி, பளிங்கு போலப் படிகமான சுண்ணாம்புக்கல். நைஸ் (gneiss) என்ற வரிவரியான கடினப் பாறைக்கு நடுவே பட்டை பட்டையாகப் போகும். பீடபூமியாக விரிந்து கிடக்காது. அது தெரியும் இடங்கள் குவாரிகள், அங்கே லாரி ராஜ்யம். சங்ககிரிக்கு லாரியால்தான் பேரே. அரியலூர் பக்கம் கிடப்பது உண்மையான கடல் சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்துச் சிப்பிகளோடு. அங்கேயும் நிலம் தாழ்ந்த சமவெளி, ரோட்டில் சிமென்ட் லாரி. நிஜமாகவே சுண்ணாம்புக்கல் பீடபூமிதான் வேண்டும், குகையும் தட்டைப் பாறையும் வேண்டும் என்றால் ஆந்திரத்தில் நந்தியால், கடப்பா பக்கம் போக வேண்டும். பேலம் குகைகள் இருப்பது அந்தக் கல்லில். அங்கே நான் ஓட்டியதில்லை, வேலை விஷயமாக ஜீப்பில் சுற்றியதோடு சரி. ஆனால் அந்தக் கல்லை நீங்கள் தினமும் தொடுகிறீர்கள். பழைய வீட்டு அடுப்படி மேடையில் இருக்கும் கடப்பைக்கல் சுண்ணாம்புக்கல்தான். எலுமிச்சம்பழம் பிழிந்த இடத்தில் மெருகு போய் வெளுத்திருக்கும், பாருங்கள். பீக் டிஸ்ட்ரிக்ட்டில் மழை செய்வதும் அதே வேலை, கொஞ்சம் நிதானமாக.

இப்போது உங்கள் இரண்டாவது ஆசை. அந்தக் கல் ஊரைக் காலியாக வைத்தது என்றேன். நம் கல் அதற்கு மாறாகச் செய்தது. கடினப் பாறையில் நீர் பெரிதாக எங்கும் சேராது, ஆனால் விரிசலில் கொஞ்சம் கொஞ்சம் எங்கும் கிடைக்கும். கிணறு வெட்டினவன் கிணற்றடியிலேயே வீடு கட்டிக்கொண்டான். அதனால்தான் சேலத்துக்கு மேற்கே ஊர் ஒரே கொத்தாக இருக்காது. காட்டுவளவு, கொட்டாய், தோட்டத்து வீடு என்று பூமியெங்கும் சிதறிக் கிடக்கும். அந்த வீடுகளை இணைக்கத்தான் இட்டேரி. சென்னைக்காரருக்கு இந்தச் சொல் பழக்கமிருக்காது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி அல்லது கள்ளி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் அகலம், காலங்காலமாகச் சக்கரம் தேய்த்துத் தாழ்ந்த மண்தடம். கொங்கு நாட்டில் இதுதான் இட்டேரி. கார் உள்ளே வந்தால் எதிரே டிராக்டர் வந்தால் பின்னாலேயே போக வேண்டியதுதான். அதனால் கார் வராது. கிளை பிரிந்து பிரிந்து போகும். ஒன்று கிணற்றில் முடியும், ஒன்று கோயிலில், ஒன்று அடுத்த ஊரில். இட்டேரி நாட்டில் வழி தவறாமல் ஓட்டினால் நீங்கள் சரியாக ஓட்டவில்லை என்று அர்த்தம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பீக் டிஸ்ட்ரிக்ட்டின் தனிமை இதில் கிடைக்காது. கிலோமீட்டருக்கு ஒரு தரம் “யாருங்க, எந்தூருங்க?” என்று கேட்பார்கள். தோட்டத்து நாய் இருக்கும். நாய் வந்தால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். மிதித்துத் தப்பிக்கப் பார்த்தால் அதற்கு விளையாட்டு. வருடா வருடம் இட்டேரிகளில் பாதி சிமென்ட் ரோடாகிக்கொண்டிருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டிய வழி அது.

இட்டேரியோடு சேர்த்துக்கொள்ள வேண்டியது வாய்க்கால் கரை. மேட்டூர் அணையிலிருந்து காவிரிக்கு இருபுறமும் கிழக்குக்கரை, மேற்குக்கரை என்று இரண்டு பாசன வாய்க்கால்கள் இறங்குகின்றன. 1955-ல் வந்த திட்டம், இரண்டும் சேர்ந்து 45,000 ஏக்கர் பாசனம். பழைய ரயில் பாதை ஏன் சைக்கிளுக்கு நல்லதோ அதே காரணம்தான் இங்கேயும். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது, வாய்க்கால் தண்ணீரால் ஏறவே முடியாது. மலைச்சரிவை ஒட்டி மட்டம் பார்த்து வளைந்து வளைந்து போகும் கரை, அதன் மேல் மதகுகளைப் பார்க்க ஜீப் போகும் மண்தடம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கீழே நெல்லும் வாழையும் கரும்பும். அணையில் நீர் போதுமானால் ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து டிசம்பர் பாதிவரை தண்ணீர் விடுவார்கள்.

நான் வழக்கமாகப் போவதைச் சொல்கிறேன். நீங்கள் சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்தால் விடியுமுன்பே சேலம் ஜங்ஷன். டீ குடித்துவிட்டு வெளிச்சம் வந்ததும் சித்தர்கோவில் பக்கம் கிளம்புங்கள். கஞ்சமலையை ஒட்டிப் போவீர்கள். காந்தம் ஒட்டும் இரும்புக்கல் மலை அது. அடிவாரத்து ஓடையில் கறுப்பு மணல் கிடந்தால் ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பாருங்கள். இளம்பிள்ளையில் தறிச் சத்தம் ஆரம்பித்திருக்கும். அங்கிருந்து மகுடஞ்சாவடிப் பக்கம் (ரயில் நிலையத்துக்கு ஆங்கிலத்தில் மெக்டொனால்ட்ஸ் சவுல்ட்ரி என்று பெயர், பர்கர் கிடைக்காது) போய், நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்ததும் இட்டேரி நாடு தொடங்கும். எடப்பாடி வரை தார் ரோட்டை எவ்வளவு தவிர்க்க முடியுமோ அது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. எடப்பாடியில் சாப்பிட்டுவிட்டுப் பூலாம்பட்டி. அங்கே காவிரியைக் கதவணை கட்டித் தேக்கியிருப்பதால் ஆறு ஏரி மாதிரி அகன்று நிற்கும். அக்கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். நடுவே விசைப்படகு ஓடுகிறது. சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். மோட்டார் சைக்கிள், கோழிக்கூடை, கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் எல்லாமும் அதில்தான். படகுக்காரர் சொல்கிற பக்கத்தில் நில்லுங்கள், சைக்கிள் ஹேண்டிலை விடாதீர்கள். எந்தப் பீடபூமியிலும் எனக்கு இந்தப் பத்து நிமிடம் கிடைத்ததில்லை.

அக்கரையில் மேற்குக்கரை வாய்க்காலைப் பிடித்து அம்மாபேட்டை, பவானி என்று இறங்கி ஈரோடு ஜங்ஷன் போனால் நாள் முடிந்தது. மொத்தம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு வேண்டாமென்றால் படகில் ஏறாமல் கிழக்குக்கரையிலேயே தேவூர் பக்கம் இறங்கி சங்ககிரி நிலையத்துக்குப் போய்விடலாம். வழியில் ரோட்டோரம் வெட்டிய மேட்டில் சுண்ணாம்புக்கல் பட்டையைப் பார்த்தால், எனக்காக ஒரு தரம் நின்று பாருங்கள்.

ரயிலில் சைக்கிள் பற்றி. இங்கிலாந்து மாதிரி தள்ளி ஏற்றும் வழக்கம் இங்கே இல்லை. பெரிய நிலையத்தில் உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்தால் பிரேக் வேனில் போடுவார்கள். வண்டி புறப்படும் முன் நேரத்தோடு போக வேண்டும், பெயரும் ஊரும் எழுதிய அட்டையைக் கட்ட வேண்டும். அதே வண்டியில்தான் ஏறியது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு நீங்கள் ஏறுங்கள். சேலம், ஈரோடு இரண்டிலும் இது நடக்கும். சங்ககிரி போல வண்டி கொஞ்ச நேரமே நிற்கும் இடத்தில் பிரேக் வேனை நம்பாதீர்கள். சக்கரம் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டு சீட்டுக்கு அடியிலோ வாசல் ஓரத்திலோ வைத்து நான் பலமுறை வந்திருக்கிறேன். டிக்கெட் பரிசோதகர் ஆட்சேபித்தால் வாதாட வேண்டாம், லக்கேஜ் கட்டணம் கட்டிவிடுங்கள். ஏற்காடு பஸ்ஸில் ஏற்றுவது கண்டக்டரின் அன்றைய மனநிலை.

டயர் நாற்பது மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். அது ஒன்றும் புதுமை இல்லை. நம் பால்காரர் ஓட்டிய பழைய சைக்கிளின் இருபத்தெட்டுக்கு ஒன்றரை அங்குல டயர் ஏறக்குறைய அந்த அகலம்தான். கிராவல் சைக்கிள் என்று பெயர் வைக்கும் முன்பே அவர் கேரியரில் நாற்பது லிட்டரோடு இட்டேரியில் ஓட்டிவிட்டார். இங்கே எதிரி கல்லைவிட முள். வாய்க்கால் கரையில் சீமைக்கருவேலம், காட்டில் நெருஞ்சி. டியூப்லெஸ் போட்டு உள்ளே பால் (ஓட்டையைத் தானே அடைக்கும் வெள்ளைத் திரவம்) ஊற்றியிருந்தால் நல்லது. டியூப் என்றால் இரண்டு ஸ்பேர், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு. கருவேல முள்ளை உடனே பிடுங்காதீர்கள், காற்று இறங்கவில்லை என்றால் அடுத்த மர நிழல் வரை அப்படியே ஓட்டிவிடலாம். தண்ணீர் எந்தத் தோட்டத்திலும் கேட்டால் கிடைக்கும், சில இடத்தில் மோரே கிடைக்கும்.

மாதம் என்றால் பொங்கலிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. ஏப்ரல், மே வெயிலில் பதினொரு மணிக்கு மேல் ஓட்டுவது வேண்டாத வேலை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலம் பார்க்க அழகு, ஆனால் கரை சறுக்கும். தனியாக வருகிறவருக்கு நீச்சல் தெரிந்தாலும் நான் அதைச் சொல்ல மாட்டேன். கரைத்தடம் வருடத்துக்கு வருடம் மாறும். மதகு வேலைக்கு வெட்டிப்போட்டிருப்பார்கள், ஓரிடத்தில் கம்பி போட்டு மறித்திருப்பார்கள். அப்போது கீழே இறங்கி அடுத்த இட்டேரியைப் பிடிக்க வேண்டியதுதான். மேப்பில் கோடு இருக்கிறது என்பதற்காக வேலியைத் தாண்டாதீர்கள். அங்கே வேலை செய்கிறவரைக் கேட்டால் அதைவிட நல்ல வழியைக் காட்டுவார், “இப்படியே பள்ளத்துல எறங்கி மேட்டுல ஏறுனா வந்துருங்” என்பார். அந்தப் பள்ளம் அரைக் கிலோமீட்டரா மூன்று கிலோமீட்டரா என்பதை மட்டும் அவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை.